மலையேறும் மிதிவண்டியும் மனித இதயமும்



மலையைக் கண்டு மனிதன் நெடுங்காலம் அஞ்சினான். தன் மார்புக்குள்ளே ஓயாது துடிக்கும் இதயத்தை எண்ணியும் அஞ்சினான். இவ்விரண்டு அச்சங்களும் ஒருங்கே கூடும் இடம் ஒன்று உண்டு. பரிசுக்காகவோ ஊதியத்துக்காகவோ அன்றி, மகிழ்ச்சிக்காக மட்டுமே மலைப்பாதையில் மிதிவண்டி ஏறிச் செல்லும் சாதாரண மனிதனின் உள்ளமே அவ்விடம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, ‘இஃது உழைப்பின் களைப்பா, நோயின் எச்சரிக்கையா?’ என்ற வினா அவனுக்குள் எழுகிறது. இவ்வினாவுக்கு மனிதகுலம் எவ்வாறு விடை தேடிற்று என்பதே இன்றைய உரையின் பொருள். இதில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. மிதிவண்டி ஓட்டிகளுக்கும் பங்கு உண்டு. இரு சாராரும் தனித்தனி வழியே நடந்து ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தனர் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவை.

முதலில் மருத்துவரிடம் செல்வோம். லண்டன் நகரில் வில்லியம் ஹெபர்டன் என்றொரு மருத்துவர் வாழ்ந்தார். அவர் 1768-ஆம் ஆண்டில் மருத்துவர் அவையில் படித்து, 1772-இல் அச்சில் வெளிவந்த ஒரு கட்டுரையில், மார்பை நெரிக்கும் ஒருவகை வலியை விளக்கினார். ‘ஆஞ்சைனா’ என்று இன்றும் மருத்துவ உலகம் வழங்கும் பெயர் அவர் இட்டதே. அவ்வலி எப்பொழுது தோன்றுகிறது? நடக்கும்போது தோன்றுகிறது, சிறப்பாக, மேட்டில் ஏறும்போதும், உண்டவுடன் நடக்கும்போதும் தோன்றுகிறது. நின்றுவிட்டால் உடனே மறைந்துவிடுகிறது. இவ்வளவையும் எந்தக் கருவியின் துணையும் இன்றி, நோயாளிகளின் வாய்மொழியைக் கேட்டே அவர் கண்டறிந்தார். நெஞ்சின் மின்னோட்டத்தை வரையும் கருவி வருவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. அக்காலத்தில் மேட்டுநிலமே இதயத்தைச் சோதிக்கும் கருவியாக இருந்தது எனலாம்.

அதே ஹெபர்டன் இன்னொரு செய்தியையும் குறித்து வைத்தார். அவ்வலியால் துன்புற்ற ஒருவர், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை ஒரு கடமையாகக் கொண்டார். நாளடைவில் அவர் பெரும்பாலும் குணமடைந்தார். உழைப்பினால் வெளிப்பட்ட நோய் உழைப்பினாலேயே தணிந்தது. இது முரண்போலத் தோன்றும். ஆனால், இம்முரணுக்குள்ளேதான் உண்மை ஒளிந்திருந்தது. பின்னர் 1854-இல் டப்ளின் நகர மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ், தளர்ந்த இதயத்துக்குப் படிப்படியாக மிகும் நடைப்பயிற்சி நன்மை தரும் என்று எழுதினார். 1880-களில் ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவர் மாக்ஸ் ஓர்ட்டல், மலைப்பாதைகளைச் சரிவுக்கேற்ப வகைப்படுத்தி, இன்ன நோயாளி இன்ன பாதையில் இவ்வளவு தூரம் ஏறுக என்று மருந்துபோல் அளந்து கொடுத்தார். மலையையே மருந்தாக்கிய முறை அது. எனினும், இம்மருத்துவர்கள் சொன்னதை உலகம் எளிதில் ஏற்கவில்லை. இதய நோயாளி என்றால் அசையாமல் கிடக்க வேண்டும் என்ற எண்ணமே நெடுங்காலம் ஆட்சி செய்தது.

இனி மிதிவண்டியின் கதைக்கு வருவோம். 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’ வண்டி, இருசக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் அமைப்பைப் பெற்றிருந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தைக் கொணர்ந்தார். அதன்பின் பத்தாண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி ஒரு பெருவெள்ளமாகப் பரவிற்று. அதனுடன் அச்சமும் பரவிற்று. முதுகு கூனிவிடும், முகம் கோணிவிடும், இதயம் வீங்கிவிடும் என்றெல்லாம் மருத்துவர் சிலர் எழுதினர். அவர்களுள் நடுநிலையோடு பேசியவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன். தாமே மிதிவண்டி ஓட்டிய முதிய மருத்துவர் அவர். அளவோடு ஓட்டுவது நன்று. போட்டி வெறியோடு ஓட்டுவதே இதயத்தைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து.

அச்சுறுத்தல்களைப் பொருட்படுத்தாமல் மலைநாடுகளுக்கே மிதிவண்டியில் சென்றோரும் இருந்தனர். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த எலிசபெத் ராபின்ஸ் பென்னல் என்னும் எழுத்தாளர், நாற்பது வயதைக் கடந்த நிலையில் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களை மிதிவண்டியில் கடந்தார். அப்பயணத்தைப் பற்றிய அவரது நூல் 1898-இல் வெளிவந்தது. அக்கால வண்டிகளில் ஏறுவது கடினம். இறங்குவது அதனினும் ஆபத்து. நல்ல தடைக்கருவி இல்லாமையால், மரக்கிளையை வெட்டி வண்டியின் பின்னே கட்டி இழுத்துக்கொண்டு மலையிறங்கும் வழக்கமும் இருந்தது.

ஏறுவது ஏன் அவ்வளவு கடினமாயிற்று? அக்கால வண்டிக்கு ஒரே கியர்தான். முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்பற்சக்கரத்தில் 22 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இருமுறை சுழலும். சமவெளியில் இது விரைவு தரும். மலையிலோ, ஒவ்வொரு மிதிக்கும் உடல்வலிமை முழுவதையும் கொட்ட வேண்டும். மெல்லச் செல்லலாமே என்றால் அதுவும் இயலாது. வேகம் குறைந்தால் மிதி நின்றுவிடும், வண்டி சாய்ந்துவிடும். ஆகவே, மேடு வந்தால் ஒன்று உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். அல்லது இறங்கித் தள்ள வேண்டும். நடுவழி ஒன்றும் இல்லை.

அந்த நடுவழியைத் தேடியவர்களுள் தலையாயவர் பால் டி விவி என்னும் பிரெஞ்சுக்காரர். 1853-ஆம் ஆண்டு, தென்பிரான்சில் வாந்தூ மலைக்கு அருகில் உள்ள பெர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர், 1881-இல் முதன்முதலாக ஒரு மிதிவண்டி வாங்கினார். அவ்வண்டி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. வணிகத்தைத் துறந்து, சென்ட் எத்தியேன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்தார். 1887-இல் மிதிவண்டிக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். ‘வெலோசியோ’ என்பது அவர் புனைபெயர். அப்பெயரே உலகில் நிலைத்தது. அவர் பந்தய வீரர் அல்லர். நாடு காணவும், மலை காணவும், உடல்நலம் பேணவும் வண்டி ஓட்டியவர்.

அந்நகரை அடுத்து, 1161 மீட்டர் உயரமுடைய ‘குடியரசுக் கணவாய்’ இருக்கிறது. நகரிலிருந்து அதன் உச்சிக்குச் சுமார் 600 மீட்டர் ஏற வேண்டும். அந்த ஏற்றமே வெலோசியோவின் ஆய்வுக்கூடம். பின்பற்சக்கரத்தில் 22 பற்களுக்குப் பதிலாக 44 பற்கள் இருந்தால், மிதி ஒருமுறை சுற்ற, சக்கரமும் ஒருமுறையே சுழலும். மிதிக்கும் விசை பாதியாகும். இவ்விரண்டையும் ஒரே வண்டியில் வைத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ள முடியாதா? இதனை அவரும் அவரைச் சூழ்ந்த கைவினைஞர்களும் இடைவிடாது ஆராய்ந்தனர்.

இயற்பியல் பயிலும் மாணவர்கள் இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். 600 மீட்டர் உயரத்துக்கு அதனை ஏற்ற, 80-ஐ 9.8-ஆலும் 600-ஆலும் பெருக்க வரும் சுமார் 4,70,000 ஜூல் வேலை செய்தாக வேண்டும். மலை இதில் ஒரு ஜூலையும் தள்ளுபடி செய்யாது. ஆனால், காலம் நம் கையில் இருக்கிறது. இவ்வேலையை 40 நிமிடத்தில் செய்தால் ஏறத்தாழ 196 வாட் திறன் வேண்டும். 80 நிமிடத்தில் செய்தால் 98 வாட் போதும். காற்றின் தடையையும் உராய்வையும் இங்கே கணக்கில் கொள்ளவில்லை. வேலை ஒன்றே, இதயத்தின் மேல் விழும் சுமையோ குறைகிறது. கியர் என்னும் கருவி வேலையைக் குறைப்பதில்லை. வேலையை நம் வலிமைக்கேற்ற சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துத் தருகிறது. மருத்துவர் ஓர்ட்டல் பாதையை அளந்து கொடுத்தார். வெலோசியோ மிதியை அளந்து கொடுத்தார். இருவரும் செய்தது ஒன்றே அன்றோ?

இவ்வளவு நன்மையுடைய கருவியை உலகம் கைகூப்பி வரவேற்றிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நடந்தது வேறு. 1902-இல் பிரான்சின் சுற்றுலாச் சங்கம் ஒரு மலைப்பாதைப் போட்டி நடத்திற்று. ஒற்றைக் கியர் வண்டியில் வந்த வீரரோடு, மூன்று கியர் வண்டியில் மார்த் ஹெஸ் என்னும் பெண்மணி போட்டியிட்டார். அவர் வழி முழுவதும் ஒருமுறையேனும் கால் தரையில் ஊன்றாமல் ஏறி வென்றார். அதற்குப் பின்னும், செல்வாக்கு மிக்க விளையாட்டு இதழாசிரியரான ஆன்ரி தெகிரான்ஜ் மனம் மாறவில்லை. கியர் மாற்றுவது 45 வயதைக் கடந்தவர்களுக்கே பொருந்தும். தசைவலிமையால் வெல்வதே வீரம் என்று எழுதினார். அடுத்த ஆண்டு, 1903-இல், அவர் இதழ் ‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் பெரும் பந்தயத்தைத் தொடங்கிற்று. 1910-இல் அப்பந்தயம் 2115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைக் கடந்தது. அவ்வாண்டில் வென்ற வீரரே, மலைப்பாதையில் அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என ஏசியதாகக் கூறுவர். அப்பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு முழு இசைவு கிடைத்தது 1937-இல்தான். முதியோர்க்கும் பெண்டிர்க்கும் உரியது என்று எள்ளப்பட்ட கருவி இன்று உலகின் சாலைப் பந்தய வண்டிகளில் மலையேறுகிறது.

கருவி மட்டும் போதாது, அதனை ஆளும் மனமும் வேண்டும் என்பதை வெலோசியோ அறிந்திருந்தார். நீண்ட பயணம் செய்வோர்க்கு அவர் ஏழு நெறிகளை வகுத்தார். அவற்றின் சாரம் இது: ஓய்வு சிறிதாகவும் அரிதாகவும் இருக்கட்டும். பசி வருமுன் சிறிது சிறிதாக உண்க. தாகம் வருமுன் நீர் பருகுக. உணவும் உறக்கமும் கொள்ள இயலாத அளவுக்குக் களைத்துவிடாதே. குளிர் தாக்குமுன் போர்த்துக்கொள். வெப்பம் மிகுமுன் களைந்துவிடு. பயணத்தின்போது மதுவும் புலாலும் புகையும் வேண்டா. உடல் புத்துணர்வோடு இருக்கும் தொடக்க மணிகளில் வேகத்தை மிகுக்காதே. இறுதியாக, பிறர் காண வேண்டும் என்ற தற்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே. இவ்வேழாவது நெறியே எல்லாவற்றுக்கும் சிகரம் என்பேன். நம் முன்னோர் வலியறிதல் என்று பெயரிட்டுப் போற்றிய பண்பு இதுவே. வெலோசியோ 76 வயது வரை இந்நெறியில் நின்றார். 1930-இல் சென்ட் எத்தியேன் நகரத் தெருவில் டிராம் வண்டி மோதி இறந்தார். அவரை வீழ்த்தியது மலையும் அன்று, இதயமும் அன்று.

அவர் பிறந்த ஊருக்கு அருகே வாந்தூ மலை இருப்பதாகச் சொன்னேன். அம்மலையிலேயே ஏழாவது நெறியை மறந்ததன் விலையை உலகம் கண்டது. 1967-ஆம் ஆண்டு சூலை 13-ஆம் நாள், கொளுத்தும் வெயிலில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஏறிக்கொண்டிருந்த டாம் சிம்சன் என்னும் ஆங்கிலேய வீரர் உச்சிக்குச் சற்றுக் கீழே சரிந்து விழுந்தார். மீண்டும் வண்டியில் ஏற்றிவிடச் செய்து சிறிது தூரம் சென்றார், மறுபடியும் விழுந்தார், உயிர் பிரிந்தது. 1965-இல் உலக வெற்றிவீரர் பட்டம் பெற்ற அவருக்கு அப்போது வயது 29. களைப்பை உணரவிடாமல் மறைக்கும் ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்கமருந்தும், மதுவும் அவர் உடலில் காணப்பட்டன. வெப்பமும் நீர்க்குறைவும் அவற்றோடு சேர்ந்தன. அவரை மட்டும் பழிப்பது நியாயமன்று. வெற்றி ஒன்றையே விலைபேசிய ஒரு சூழலில் அவர் சிக்கியிருந்தார். ஆனால், பாடம் தெளிவானது. களைப்பும் வலியும் நம் பகைவர் அல்லர், வாயிற்காவலர். காவலரின் வாயைக் கட்டிவிட்டால், கள்வன் உள்ளே நுழைவது நமக்குத் தெரியாது.

இதற்கிடையே மருத்துவ உலகிலும் மாற்றம் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தினர். அதனால் தசை தளர்ந்தது, காலில் இரத்தம் உறைந்தது, மனம் ஒடிந்தது. 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான லெவைனும் லௌனும், நோயாளியைச் சில நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று காட்டினர். 1953-இல் லண்டன் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் ஓர் அரிய ஆய்வை வெளியிட்டார். லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள்முழுதும் உட்கார்ந்திருக்கிறார்; நடத்துநரோ நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகிறார். நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே இதய நோய் மிகுதி என்று கண்டார். ஓட்டுநர் வேலைக்குச் சேரும்போதே பருத்தவரா என்றும் ஐயுற்று, சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவையும் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார். தம் முடிவைத் தாமே ஐயுற்றுச் சோதித்த அப்பெரியார் 99 வயது வரை வாழ்ந்தார்.

1955 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. உலகமே கவலையுற்றது. அவரைக் கவனிக்க அழைக்கப்பட்ட மருத்துவர் பால் டட்லி ஒயிட், நோயின் நிலையை ஒளிக்காமல் மக்களுக்கு எடுத்துரைத்தார். படிப்படியாக நடமாடவும் பணிக்குத் திரும்பவும் நோயாளிக்கு வழிகாட்டினார். மறு ஆண்டே ஐசன்ஹோவர் மீண்டும் தேர்தலில் நின்று வென்றார். 1969 வரை வாழ்ந்தார். அந்த ஒயிட் யார் தெரியுமா? மிதிவண்டியைப் பெரிதும் விரும்பி, முதுமையிலும் ஓட்டி, பிறரையும் ஓட்டத் தூண்டியவர். பாஸ்டன் நகர ஆற்றோரத்தில் உள்ள மிதிவண்டிப் பாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருத்துவரின் வழியும் மிதிவண்டிக்காரரின் வழியும் அவரிடத்தில் ஒன்றாயின.

அதன்பின் அறிவியல் விரைந்து முன்னேறிற்று. 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், அடைபட்ட இதய நாளத்தைச் சிறு பலூனால் விரித்துக் காட்டினார். 1986-இல் பிரான்சில் இதய நாளத்துக்குள் ‘ஸ்டென்ட்’ என்னும் வலைக்குழாய் முதன்முதலாக வைக்கப்பட்டது. இன்று அத்தகைய மருத்துவம் பெற்றவர்கள், மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி செய்து, மீண்டும் வண்டியேறி மலை காண்பது வியப்புக்குரிய செய்தி அன்று. எனினும், ஹெபர்டன் சொன்ன எச்சரிக்கை சற்றும் பழமைப்படவில்லை. ஏற்றத்தில் மார்பு இறுகுவதும், வலி தோளுக்கோ இடக்கைக்கோ தாடைக்கோ பரவுவதும், வழக்கத்துக்கு மாறாக மூச்சு முட்டுவதும், தலை சுற்றி மயக்கம் வருவதும், நாடி தாறுமாறாக ஓடுவதும் பொருட்படுத்தாமல் விடத்தக்கவை அல்ல. வண்டியை நிறுத்த வேண்டும். உடன் வருவோரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வலி தணியாவிட்டால் தாமே ஓட்டிச் செல்ல முயலாமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நின்றவுடன் வலி மறைந்தாலும், அதனை நலம் என்று கொள்ளாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மறைவதுதான் அந்நோயின் இயல்பு என்று ஹெபர்டன் அன்றே எழுதிவிட்டார் அல்லவா?

நாற்பதைக் கடந்தவர்களிடம் இரண்டு பிழைகளைக் காண்கிறோம். பல்லாண்டுகள் நாற்காலியில் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென இளைஞரோடு போட்டியிட்டு மலையேறுவது ஒரு பிழை. பழகாத உடலின் மேல் பெருஞ்சுமையைத் திடீரென ஏற்றினால் இதயம் தாக்குறலாம். ஒருமுறை நெஞ்சு வலித்ததென்று, மருத்துவர் இசைவளித்த பின்னும் அஞ்சி அஞ்சி அசையாமல் கிடப்பது மற்றொரு பிழை. முன்னவர்க்கு அடக்கம் தேவை. பின்னவர்க்குத் துணிவு தேவை. இரண்டையும் தருவது அளவறிந்த பயிற்சி ஒன்றே.

இளைஞராகிய உங்களுக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இளமையில் இதயம் உரத்துப் பேசுவதில்லை என்பது உண்மை. ஆயினும், அதன் பேச்சைக் கேட்கும் பழக்கம் இளமையிலேதான் உருவாக வேண்டும். தோழர் நகைப்பாரே என்று கியரை மாற்றாமல் மிதிக்கும் மாணவனே, பிற்காலத்தில் வீட்டார் அஞ்சுவாரே என்று நெஞ்சுவலியை மறைக்கும் தந்தையாகிறான். மறைத்த வலியால் சிதைந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆதலின், உங்களோடு வருபவன் ஏற்றத்தில் பின்தங்கினால் எள்ளாதீர்கள். அவனோடு நின்று செல்லுங்கள். உங்கள் தந்தையோ தாயோ படியேறும்போது இடையில் நின்று மார்பைத் தொட்டுக்கொண்டால், காரணம் கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சென்ட் எத்தியேன் நகர மக்கள் குடியரசுக் கணவாயின் உச்சியில் வெலோசியோவுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியுள்ளனர். 1922-இல் தொடங்கிய ‘வெலோசியோ நாள்’ அன்று, சிறுவர் முதல் முதியோர் வரை அந்த ஏற்றத்தில் மிதிவண்டியில் ஏறுவர். சிலர் விரைந்து ஏறுவர். சிலர் மிக மெல்ல ஏறுவர். சிறு கியரில் மெல்ல ஏறி, எண்பது நிமிடத்தில் சேர்ந்தவருக்கும் உச்சியில் அதே காற்றுத்தான் வீசுகிறது. அதே பள்ளத்தாக்குத்தான் தெரிகிறது. நீங்களும் ஏறுங்கள், மாணவர்களே! உங்கள் வலிமையை அறிந்து ஏறுங்கள்; ஏறியபின் நலமாக இறங்கி வீடு வந்து சேருங்கள்.